சொல் கடந்த தூரம் – 17: படியளந்தவன், பிசைந்தவள், தின்றவன்

“நீ என்ன பெரிய லார்டு லபக்குதாஸா?”

சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோகிற பையனைப் பார்த்து இதைக் கேட்காத வீடு தமிழ்நாட்டில் குறைவு. என் பாட்டி இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவள். இங்கிலாந்து எந்தத் திக்கில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆனால் லார்டு என்றால் யார் என்பதில் அவளுக்குக் குழப்பமே இருந்ததில்லை. உட்கார்ந்த இடத்துக்குச் சோறு வரும், தின்ற தட்டை இன்னொருத்தர் எடுப்பார், அவன்தான் லார்டு. லபக்குதாஸ் யார் என்று நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அவரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

போன வாரம், எடுபிடிப் பையனைக் குறித்த ஒரு சொல் கவசம் மாட்டிக்கொண்டு ‘நைட்’ என்று குதிரை ஏறியதைப் பார்த்தோம். அந்தப் பையனை ஏவிக்கொண்டிருந்த எசமானின் முறை இப்போது.

லார்டு என்ற ஆங்கிலச் சொல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி இருக்கும். நாலே எழுத்து, ஒரே அசை. பிரித்துப் பார்க்க விரலுக்கு இடுக்கே அகப்படாது. ஆனால் பழைய ஆங்கிலத்தின் தொடக்க காலத்தில் அது ஒட்டு தெரியும்படி இணைத்த இரண்டு சொற்கள். முன்பாதி ‘ஹ்லாஃப்’. ரொட்டி என்று பொருள். இன்று பேக்கரியில் முழு ரொட்டியைக் குறிக்கும் ‘லோஃப்’ அதுதான். பின்பாதி ‘வெயர்ட்’. காவல் என்று பொருள். ஆஸ்பத்திரி வார்டு, முனிசிபாலிட்டி வார்டு என்று நாம் நாள்தோறும் சொல்கிறோமே, அந்த வார்டும் இதே குடும்பம். இரண்டையும் சேர்த்தால் ஹ்லாஃப்வெயர்ட். ரொட்டிக்குக் காவல் இருப்பவன்.

தமிழில் இதற்கு ஈடான சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. படியளக்கிறவர். குதிருக்குச் சாவி யாரிடம், மரக்கால் யார் கையில், இன்றைக்கு யாருக்கு எத்தனை படி என்று தீர்மானிப்பது யார்? அவர்தான். பட்டம், மகுடம், கொடி எல்லாம் அப்புறம் வந்தவை.

அந்த வீட்டில் இன்னும் இரண்டு பேர் உண்டு. ஒருத்தி ‘ஹ்லேவ்டியே’. இதிலும் முன்பாதி ரொட்டிதான். பின்பாதி ‘பிசைபவள்’ என்று அகராதிகள் சொல்கின்றன. மாவுருண்டையைக் குறிக்கும் ‘டோ’ என்ற ஆங்கிலச் சொல்லும் பால்பண்ணையைக் குறிக்கும் ‘டெய்ரி’யும் அதே வேரில் முளைத்தவை. ரொட்டி பிசைபவள்தான் தேய்ந்து தேய்ந்து ‘லேடி’ ஆனாள். அந்த வேர் மிகப் பழையது. பிசைதல், பூசுதல், மண்ணைக் குழைத்து உருவம் பிடித்தல் என்றெல்லாம் பொருள் கொண்டது. அதன் வடமொழிக் கிளையில் வந்தது ‘தேஹ’. குழைத்து வனைந்தது என்பதால் உடம்புக்கு அந்தப் பெயர். அதைத்தான் நாம் கடன் வாங்கித் ‘தேகம்’ என்கிறோம். ‘லேடீஸ் ஹாஸ்ட’லின் லேடியும் ‘தேக ஆரோக்கிய’த்தின் தேகமும் ஒரே மண்ணில் பிசைந்தவை என்று சொன்னால் நண்பர்கள் கதை விடுகிறேன் என்கிறார்கள். கதையில்லை.

மூன்றாமவன் ‘ஹ்லாஃபேட்டா’. ரொட்டியைத் தின்பவன். ஒரு வீட்டை அண்டி, அந்த வீட்டு ரொட்டியைத் தின்று, அந்த வீட்டு வேலையைச் செய்து கிடப்பவன். ஆங்கிலத்தில் லார்டைத் தெரியும், லேடியைத் தெரியும். இவனை யாருக்கும் தெரியாது. இவனுடைய பெயர் பழைய ஆங்கில ஏடுகள் அத்தனையிலும் ஒரே ஓரிடத்தில்தான் எஞ்சியிருக்கிறது. முதலில் அங்கே போவோம்.

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் கென்ட். அதை ஆண்ட எதெல்பெர்ட் என்ற அரசன், ரோமிலிருந்து வந்த பாதிரிமார் 597இல் கரையிறங்கிய சில ஆண்டுகளில், தன் நாட்டு வழக்கங்களைச் சட்டமாக எழுதிவைத்தான். ஆங்கில மொழியில் நமக்குக் கிடைத்திருக்கும் சட்டங்களில் இதுதான் மூத்தது. மூல ஏடு போய்விட்டது. ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, 1120களில், ராச்செஸ்டர் மடத்தில் ஒரு துறவி பிரதி எடுத்த தொகுப்பில் மட்டும் தங்கியிருக்கிறது. அந்தத் தொகுப்புக்கும் ஒரு கண்டம் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனுக்குப் போய்விட்டுப் படகில் திரும்பும் வழியில் தண்ணீரில் விழுந்துவிட்டது. எப்படியோ எடுத்துக் காயவைத்தார்கள். நீர்க்கறை இன்றும் ஏடுகளில் தெரிகிறது. கொஞ்சம் தாமதித்திருந்தால் தின்றவனின் பெயர் தண்ணீரோடு போயிருக்கும்.

சட்டம் முழுக்க ஒரு விலைப்பட்டியல். எந்தக் குற்றத்துக்கு எத்தனை ஷில்லிங் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. சாதாரண சுதந்திர மனிதனைக் கொன்றால் 100 ஷில்லிங். கட்டைவிரலை வெட்டினால் 20. கட்டைவிரல் நகம் மட்டும் போனால் 3. முன்பற்கள் நான்கில் எதை உடைத்தாலும் பல்லுக்கு 6. இந்த வரிசையின் நடுவில் ஒரு விதி வருகிறது. குடியானவன் ஒருவனின் ‘ரொட்டி தின்பவனை’க் கொன்றால் 6 ஷில்லிங் கட்ட வேண்டும். ஒரு முன்பல்லுக்கு என்ன தண்டமோ அதே தண்டம். அதுவும் செத்தவனுக்கு வைத்த விலையாகத் தோன்றவில்லை. அவனுக்குப் படியளந்த குடியானவனுக்கு நேர்ந்த நஷ்டத்துக்கான ஈடாகவே தோன்றுகிறது.

படியளந்தவனாகச் சட்டம் இங்கே காட்டுவது கோட்டை கட்டி வாழ்ந்த பிரபுவை அல்ல, சாதாரண உழவனை என்பதையும் கவனிக்க வேண்டும். நாலு ஏக்கரும் ஓர் அடுப்பும் இருந்து, அதை நம்பி ஒருவன் வாசலில் கிடந்தால் போதும். ரொட்டிக்காரன், ரொட்டி தின்பவன் என்ற உறவு அங்கே தொடங்கிவிடுகிறது.

அதே சட்டத்தில் சற்று முன்பாக இன்னொருத்தி வருகிறாள். அரசனின் வீட்டுப் பணிப்பெண்களோடு எவனாவது முறைகேடாக நடந்தால் என்ன தண்டம் என்று சொல்லும் இடம். முதல் தரப் பெண் என்றால் 50 ஷில்லிங், ‘மாவரைக்கும் அடிமை’ என்றால் 25, மூன்றாம் தரத்தவள் என்றால் 12. அந்தக் காலத்தில் நீராலை பரவவில்லை. ரொட்டி வேண்டுமென்றால் யாரோ ஒருத்தி கல் திரிகையின் முன் குந்தி, ஒரு கையால் தானியத்தைப் போட்டு மறுகையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நம் பக்கத்துப் பழைய திரிகையைச் சுற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அரை மணி நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிடும். பிசைபவள் என்ற பெயர் எசமானிக்குப் போனது. அரைத்தவளுக்கு அடிமை என்ற பெயரே நின்றது. எசமானி தன் கையால் எத்தனை நாள் மாவு பிசைந்திருப்பாள் என்பது பற்றி எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

ரொட்டி அன்று எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நாள்காட்டியே சாட்சி. ஆகஸ்ட் 1ஆம் தேதிக்கு ‘ஹ்லாஃப்மாஸ்’, ரொட்டித் திருப்பலி என்று பெயர். போன ஆண்டுத் தானியம் தீர்ந்து, புதுக் கதிர் முற்றாத ஜூலை மாதம்தான் பஞ்ச மாதம். அது கழிந்து, புதுக் கோதுமையில் சுட்ட முதல் ரொட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோகும் நாள் அது. இதுவும் தேய்ந்து ‘லாமாஸ்’ ஆனது. ஷேக்ஸ்பியரின் ஜூலியட் பிறந்தது இந்த நாளுக்கு முந்தைய இரவில். ரொட்டி மறைந்தபின் ‘லாம்’ என்றால் ஆட்டுக்குட்டியாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, அதற்கேற்ப எழுத்தை மாற்றி எழுதியவர்களும் உண்டு. சொல்லின் பொருள் மறந்துபோனால் ஜனங்கள் சும்மா இருப்பதில்லை, பக்கத்தில் கிடைத்த பொருளை எடுத்துச் செருகிவிடுவார்கள்.

இனி ரொட்டிக்காரனின் வளர்ச்சி. ஆல்ஃபிரட் அரசன் (871–899) காலத்துக்கு வரும்போது அந்தச் சொல்லுக்குள் கத்தி வந்துவிட்டது. ஆல்ஃபிரட் தன் சட்டத்தொகுப்பின் முன்னுரையில், பெரும்பாலான குற்றங்களுக்கு முதல் தடவை பணம் கட்டித் தப்பலாம் என்கிறான். ஒரே ஒரு குற்றத்துக்கு மட்டும் இரக்கமில்லை. தன் எசமானுக்குத் துரோகம் செய்வது. தன்னைக் காட்டிக்கொடுத்தவனுக்குக் கிறிஸ்துவே இரக்கம் காட்டவில்லையே என்று காரணமும் சொல்கிறான். செஞ்சோற்றுக்கடன் என்று கர்ணன் கதையில் நாம் கண்ணீரோடு கேட்டது அங்கே தண்டனைச் சட்டமாகவே எழுதப்பட்டிருக்கிறது.

அவன் பேரன் ஆதெல்ஸ்தான் இன்னும் ஒரு படி போனான். எசமான் இல்லாமல் எவனும் இருக்கக் கூடாது. அப்படி ஒருவன் இருந்தால் அவன் உறவினர்கள் ஊர்க்கூட்டத்தில் அவனுக்கு ஓர் எசமானைத் தேடிக் காட்ட வேண்டும். தேடித் தராவிட்டால் அவன் சட்டத்துக்கு வெளியே போய்விட்டவன். அதன்பின் எதிர்ப்படுகிறவன் அவனைத் திருடன் என்று சொல்லிக் கொன்றுபோடலாம். படியளப்பவர் இல்லாதவனுக்குப் பசி வரும் என்பது பழைய நிலை. இப்போது சாவே வரும்.

இந்தக் காலத்து ஏடுகளில் சொல் ‘ஹ்லாவோர்ட்’ என்றே இருக்கிறது. எழுத்தில் எஃப் போட்டார்கள். இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் வருவதால் வாயில் அது வி போல ஒலித்தது. நம் எழுத்தில் ‘க’ ஒன்றே இடத்துக்கு இடம் வேறாக ஒலிப்பதைப் போல. காவலனைக் குறித்த பின்பாதி ஏற்கெனவே கரைந்து ‘ஓர்ட்’ என்று சுருங்கியிருந்தது. அதாவது நமக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றுகள் பெருகும்போதே ஒட்டு மறையத் தொடங்கிவிட்டது. முழு உருவம், ஹ்லாஃப்வெயர்ட் என்று இரண்டு சொல்லும் துலக்கமாகத் தெரியும்படி, ஒரே ஒரு இடத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அந்த ஏடு பாரிஸில், பிரெஞ்சு தேசிய நூலகத்தில் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் சங்கீதப் புத்தகம். விசித்திரமான வடிவம். உயரம் அரை மீட்டருக்கு மேல், அகலம் இருபது சென்டிமீட்டர்கூட இல்லை. நம் ஓலைச்சுவடியைச் செங்குத்தாக நிறுத்தினாற்போல் இருக்கும். இடப்பக்கம் லத்தீன், வலப்பக்கம் ஆங்கிலம். அதில், நம் தமிழ் வேதாகமத்தில் 105ஆம் சங்கீதமாக வரும் பகுதியில், எகிப்து மன்னன் ஒருவனைத் தன் வீட்டுக்கு அதிகாரியாக வைத்தான் என்ற இடத்தில் இந்தச் சொல் வருகிறது. வைக்கப்பட்ட ஆள் யார்? யோசேப்பு. ஏழு செழிப்பான ஆண்டுகளின் தானியத்தைச் சேர்த்துவைத்து, ஏழு பஞ்ச ஆண்டுகளில் எகிப்துக்குப் படியளந்தவன். ரொட்டிக் காவலன் என்ற பெயர் உலகத்தில் யாருக்காவது அச்சாகப் பொருந்தும் என்றால் அவனுக்குத்தான். மொழிபெயர்த்தவர் தெரிந்துதான் போட்டார் என்று நம்ப எனக்கு ஆசை. அந்த ஆசைக்கு அகராதிக்காரர்கள் பொறுப்பல்ல.

1066இல் நார்மன்கள் வந்தார்கள். மேலிடத்துச் சொற்களெல்லாம் பிரெஞ்சாக மாறின. பாரன், டியூக் என்று வரிசையாக வந்து இறங்கின. அந்த வெள்ளத்தில் கால் ஊன்றி நின்ற பழைய சொற்கள் கொஞ்சம்தான். கிங், குயின், ஏர்ல், நைட், லார்டு, லேடி. நின்றாலும் உருக்குலைந்துதான் நின்றன. முதலில் விழுந்தது தலையிலிருந்த எச். பழைய ஆங்கிலத்தில் எல், ஆர், என் ஆகியவற்றுக்கு முன் ஒரு மூச்சொலி வரும். ‘லவுட்’ என்பது ஹ்லூட், ‘ரிங்’ என்பது ஹ்ரிங், ‘நட்’ என்பது ஹ்னுட்டு. 11, 12ஆம் நூற்றாண்டுகளில் அந்த மூச்சு நின்றுபோனது. அடுத்தது எழுத்தர்களின் வேலை. பிரெஞ்சுப் பள்ளியில் பழகிய அவர்கள் நடுவிலிருந்த வி ஒலியை எஃப் போட்டு எழுத மறுத்து, யூ போட்டு எழுதினார்கள். லவெர்ட், லௌவெர்ட், லோவெர்ட் என்று ஊருக்கு ஓர் எழுத்து. திட்டமான எழுத்துமுறை என்று ஒன்று நாட்டில் இல்லவே இல்லை. ஒரே எழுத்தர் ஒரே பக்கத்தில் ஒரு சொல்லை இரண்டு விதமாக எழுதினாலும் யாரும் குறை சொல்லவில்லை.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தவர் ஓர்ம். 12ஆம் நூற்றாண்டில் லிங்கன்ஷைர் பக்கம் வாழ்ந்த ஒரு துறவி. சுவிசேஷப் பகுதிகளுக்கு விளக்கமாகச் செய்யுள் எழுதினார். ஓர்ம் செய்தது என்பதால் ‘ஓர்முலும்’ என்று தானே பெயரும் வைத்துக்கொண்டார். ஏறக்குறைய பத்தொன்பதாயிரம் வரிகள் எஞ்சியிருக்கின்றன. கவிதையாக வாசித்தால் கொட்டாவி வரும், அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் மனிதர் எழுத்தில் வெறி பிடித்தவர். பாதிரியார்கள் மேடையில் வாய்விட்டு வாசிக்கும்போது குறிலை நெடிலாக்கிவிடக் கூடாது என்பது அவர் கவலை. அதற்காகத் தானே ஒரு விதி வகுத்தார். குறிலுக்குப் பின்வரும் மெய்யை இரட்டித்து எழுத வேண்டும். தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டிக்கும் என்று இலக்கணம் படித்த நமக்கு அந்த மனிதர் அந்நியராகத் தோன்றமாட்டார். அவர் லார்டை ‘லஃபெர்ர்ட்’ என்று இரண்டு ஆர் போட்டு எழுதுகிறார். லேடியின் நடுவில் இரண்டு எஃப். மட்டமான தோல் துண்டுகளில், இண்டு இடுக்கில்லாமல் நுணுக்கி எழுதி, திரும்பத் திரும்பப் படித்துத் திருத்தியிருக்கிறார். அவர் முறையை ஒருவரும் பின்பற்றவில்லை. ஆனால் அன்றைக்கு எந்த உயிர் குறில், எந்த உயிர் நெடில் என்று இன்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் மொழி அறிஞர்கள் அவர் வாசலில்தான் நிற்கிறார்கள்.

இன்னொருவர் கான்டர்பரி மடத்து மைக்கேல். பிரெஞ்சிலிருந்து ஒரு பாவமன்னிப்பு நூலைக் கென்ட் வட்டார ஆங்கிலத்தில் தன் கையாலேயே எழுதி, 1340 அக்டோபரில் முடித்தார். நாடு முழுக்க எச் செத்து நூறு, இருநூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கென்டில் மட்டும் அந்த மூச்சு எல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. எல், எச் என்று திருப்பிப் போட்டு அவர் எழுதுகிறார். எதெல்பெர்ட்டின் சட்டம் பிறந்ததும் கென்டில், ரொட்டியின் கடைசி மூச்சு கேட்டதும் கென்டில். ஆனால் அவருடைய சொல்லில் நடுவிலிருந்த வி ஏற்கெனவே போய்விட்டது. கிட்டத்தட்ட லார்டுதான், முன்னால் ஒரு பெருமூச்சோடு.

நடுவில் இன்னொரு மாற்றம் நடந்தது. தெற்கில் ஆகார ஒலிகள் ஓகாரமாகத் திரும்பின. ‘ஸ்தான்’ ஸ்டோன் ஆனது, ‘ஹாம்’ ஹோம் ஆனது, ஹ்லாஃப் லோஃப் ஆனது. லவெர்ட் லோவெர்டாகி, நடு எழுத்தும் உதிர்ந்து லோர்டு. வடக்கே அந்தக் காற்று அடிக்கவில்லை. அங்கே ஆகாரமே நின்று லார்டாகி, ஸ்காட்லாந்தில் ‘லெயர்ட்’ ஆனது. இன்றும் ஸ்காட்லாந்தில் லெயர்ட் என்றால் நிலச்சொந்தக்காரர், பட்டமில்லாத பண்ணையார். ஒரே ரொட்டிக்காரன் தெற்கே போய் மேலவையில் உட்கார்ந்தான், வடக்கே ஆட்டு மந்தையோடு தங்கிவிட்டான். கடல் தாண்டி வந்த வைக்கிங்குகளும் இந்தச் சொல்லைக் கொண்டுபோய்த் தங்கள் மொழியில் ‘லாவார்தர்’ என்று வைத்துக்கொண்டார்கள். 1476இல் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தபோது லண்டன் வாயில் நாலெழுத்துத்தான் மிச்சம். அச்சு அதைக் கெட்டியாக்கியது.

லேடியின் பாதை வேறு. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஆட்சி செய்யும் பெண்ணின் பட்டம். ஆல்ஃபிரட்டின் மகள் எதெல்ஃபிளாட், கணவன் இறந்தபின் மெர்சியா நாட்டைத் தானே ஆண்டவள். ஊர் ஊராகக் கோட்டை கட்டி டேனியர்களைப் பின்வாங்க வைத்தவள். 918இல் டாம்வொர்த்தில் இறந்த அவளை வரலாற்றேடு ‘மெர்சியரின் ஹ்லேவ்டியே’ என்கிறது. அவள் பிறந்த வெசெக்ஸ் வீட்டிலோ அரசன் மனைவியைக் குயின் என்று அழைக்கவே கூடாது என்று கட்டுப்பாடு இருந்ததாம். முன்பு ஓர் அரசி வேறொருவருக்கு வைத்த விஷத்தை அவள் கணவனே குடித்துச் செத்தான் என்றும், அந்த வெறுப்பால் பட்டத்தையே எடுத்துவிட்டார்கள் என்றும் ஆல்ஃபிரட் சொல்லக் கேட்டதாக அவன் வரலாற்றை எழுதிய ஆஸர் குறிக்கிறார். அப்புறம் மரியாளுக்கு அந்தப் பெயர் போனது. மார்ச் 25 ‘லேடி டே’. 1751 வரை இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு அந்த நாள்தான். பொறிவண்டுக்கு ‘லேடிபேர்ட்’ என்ற பெயரும் மாதாவின் பூச்சி என்பதால் வந்ததே. உடைமையைக் காட்டும் எஸ் அதில் ஏன் இல்லை? பழைய இலக்கணத்தில் அந்தப் பெண்பால் சொல் எஸ் வாங்காது. இலக்கணம் செத்தபின்னும் வண்டின் முதுகில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிறகு இறக்கம்தான். கண்ணியமான வீட்டுப் பெண்ணெல்லாம் லேடி, அப்புறம் பெண்ணெல்லாம் லேடி. நம்மிடம் வந்து சேர்ந்தபோது லேடி டாக்டர், லேடீஸ் டெய்லர், லேடீஸ் சீட் என்று ஆகியிருந்தது. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் “லேடீஸ்லாம் முன்னாடி வாங்கம்மா” என்று கத்தும்போது, எதெல்ஃபிளாட்டின் பட்டத்தை டிபன்கூடையோடு நிற்கும் அத்தனை பேருக்கும் பகிர்ந்து கொடுக்கிறார். எனக்கு அதில் வருத்தமில்லை.

லார்டு மட்டும் அப்படி இறங்க மறுத்தது. கணவன், வீட்டுத் தலைவன், நிலக்காரன், பிஷப், நீதிபதி என்று பரவினாலும் மேலேயே நின்றது. அதைவிட மேலே கடவுளிடமும் போனது. பழைய ஆங்கிலத்தில் கடவுளுக்கு ‘திரிஹ்டன்’ என்றொரு தனிச்சொல் இருந்தது, படைத்தலைவன் என்ற அடியில் வந்தது. அது மெல்ல வழக்கொழிய, ரொட்டிக்காரன் அந்த நாற்காலியிலும் உட்கார்ந்தான். 1611இன் ஆங்கில வேதாகமம் லார்டு என்று போடும் இடத்தில் தமிழ் வேதாகமம் கர்த்தர் என்கிறது. கத்தோலிக்கர் ஆண்டவர் என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் பண்ணையாள் தன் நிலக்காரரை ஆண்டை என்றுதான் கூப்பிட்டான். ஆண்டவனும் ஆண்டையும் ஒரே வினையில் பிறந்தவர்கள். கடவுளுக்கும் பண்ணையாருக்கும் ஒரே சொல்லை வைத்த ஊர் இங்கிலாந்து மட்டுமல்ல.

வெள்ளைக்காரர்களோடு லார்டு இந்தியாவுக்கு வந்தபோது தமிழ்ப் பாடப்புத்தகம் அதைப் பிரபு என்று மொழிபெயர்த்தது. கிளைவ் பிரபு, பெண்டிங் பிரபு, ரிப்பன் பிரபு. இதில் பெண்டிங் பட்டம் பெற்ற பிரபுவே அல்ல. டியூக் ஒருவரின் இளைய மகன் என்பதால் மரியாதைக்கு ஒட்டிக்கொண்ட லார்டு அவர். வடக்கே ‘லாட் சாகிப்’ ஆனது. சேனாதிபதி ‘ஜங்கி லாட்’, பிஷப் ‘லாட் பாதிரி’. இவற்றையெல்லாம் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியின் இரு ஆசிரியர்களில் ஒருவர் பர்னல். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து, அரண்மனை நூலகத்துச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர்.

அந்த அகராதி வெளிவருவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு, 1877 ஜனவரி 1 அன்று, வைசிராய் லிட்டன் பிரபு டெல்லியில் தர்பார் நடத்தினார். விக்டோரியா இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவிப்பு. சென்னை மாகாணத்தில் அப்போது தாது வருஷப் பஞ்சம். லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் அந்த மாதமே இங்கு வந்து, நிவாரண வேலையில் மண் சுமந்த ஆண்களுக்கு அளந்த தானியத்தை ஒன்றரை ராத்தலிலிருந்து ஒரு ராத்தலாகக் குறைத்தார். அதாவது 450 கிராம், கூடவே ஓரணா. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், இதைத் தின்று உடலுழைப்பு செய்ய முடியாது என்று கணக்குப் போட்டு எழுதினார். லார்டு என்ற சொல்லுக்குள் ரொட்டி இருக்கிறது என்று லிட்டனுக்குத் தெரிந்திருக்கலாம். மனிதர் கவிஞர், படித்தவர்.

இன்று இங்கே லார்டு மிஞ்சியிருப்பது நீதிமன்றத்தில். இந்திய பார் கவுன்சில் 2006இல் ‘மை லார்டு’ வேண்டாம் என்று விதி செய்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சந்துரு 2009இல் தன்னை அப்படி அழைக்க வேண்டாம் என்று வழக்கறிஞர்களிடம் சொன்னார். 2014இல் உச்ச நீதிமன்றம், அப்படி அழைக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை, மரியாதையாக அழைத்தால் போதும் என்றது. பழக்கம் போகவில்லை. வேகமாக வாதாடும்போது அது ‘ம்லாட்’ என்று விழுகிறது. இங்கிலாந்தில் ‘மிலட்’ என்று விழும். ஹ்லாஃப்வெயர்டில் தொடங்கிய தேய்மானம் இன்னும் நிற்கவில்லை.

பாட்டியிடம் பாக்கி ஒன்று இருக்கிறது. லபக்கென்று விழுங்குவது என்போம், வாயில் போட்டதே தெரியாமல் போய்விடுவது. தாஸ் என்றால் அடிமை, அண்டியிருப்பவன். லபக்குதாஸ் என்று கோத்தால் விழுங்குகிற அடியாள். ஒருவர் வீட்டு ரொட்டியைத் தின்று அவர் வாசலில் கிடப்பவன் என்று கென்ட் நாட்டுச் சட்டம் சொன்ன அதே ஆள். ஆங்கிலம் அவன் பெயரை நீர்க்கறை படிந்த ஓர் ஏட்டில் விட்டுவிட்டு லார்டை மட்டும் கூட்டிக்கொண்டு போயிற்று. நம் வீட்டுக் கூடத்தில், கழுவாத தட்டுக்குப் பக்கத்தில், இருவரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டிருக்கிறார்கள். தற்செயல்தான். பாட்டி இருந்திருந்தால், “அதெல்லாம் இருக்கட்டும், முதல்ல தட்டை எடு” என்றிருப்பாள்.

(தொடரும்)